மைல் காசும் மருந்துச் சீட்டும்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, அமெரிக்காவில் டீம்ஸ்டர்ஸ் யூனியன் ட்ரக் டிரைவருக்கு மருத்துவ இன்ஷூரன்ஸும் சம்பளத்தில் சேர்த்தி என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. நான் டிரைவர் இல்லை, ஒரு சரக்கு டெர்மினலில் எந்த லோடு யாருக்கு என்று பிரித்து அனுப்பும் டிஸ்பாட்ச் மேசையில் 11 வருடம் உட்கார்ந்தவன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் என்னிடம் பேசியதில் பாதி லோடு பற்றி, மீதி ஆஸ்பத்திரி பில் பற்றி.

கே: என் வீட்டுக்காரர் யூனியன் இல்லாத கம்பெனியில் நீண்ட தூர டிரைவர், மைல் கணக்கில் சம்பளம். குடும்ப இன்ஷூரன்சுக்கு வாரம் 168 டாலர் பிடிக்கிறார்கள். அதற்கு மேல் 6,000 டாலர் டிடக்டிபிள், அதாவது இன்ஷூரன்ஸ் தர ஆரம்பிக்கும் முன் நாங்களே கட்ட வேண்டியது. இப்போது யூனியன் உள்ள ஒரு கம்பெனி கூப்பிடுகிறது. வருடத்துக்கு 9,000 டாலர் குறையும், ஆனால் பிரீமியம் கிடையாது என்கிறார்கள். போகலாமா? (ஒரு வாசகி, ஓஹையோ)

ப: முதலில் 168-ஐ 52-ஆல் பெருக்குங்கள். 8,736. ஆக, குறைகிறதே என்று நீங்கள் பயப்படும் 9,000-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 264 டாலர்தான். பிரீமியம் பெரும்பாலும் வரி கழிப்பதற்கு முன்பே பிடிக்கப்படும் பணம், சம்பளக் குறைவும் வரிக்கு முந்தைய பணம், அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பெரிய தப்பு வராது. டிடக்டிபிள் அப்படியில்லை, அது வரி கட்டி மிஞ்சியதிலிருந்து போவது. போன வருடத்து பில்களைத் தேடி எடுத்துக் கூட்டிப் பாருங்கள். வீட்டில் யாருக்காவது கை கால் உடைந்த வருடம் என்றால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்று. கேஎஃப்எஃப் என்ற அமைப்பு வருடாவருடம் எடுக்கும் கணக்கில், 2024-ல் கம்பெனி வழியாக வரும் குடும்ப இன்ஷூரன்சின் சராசரி விலை 25,572 டாலர், அதில் தொழிலாளி கையிலிருந்து போவது 6,296. மீதியை முதலாளி கட்டுகிறார், ஆனால் அது அவர் வீட்டுப் பணம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் சம்பாதித்து, கண்ணால் பார்க்காமலே போகிற பணம் அது. யூனியன் கம்பெனியில் நடப்பது, பார்க்காமலே போகிற அந்தப் பங்கைப் பெரிதாக்கி, ஸ்லிப்பில் தெரிகிற பிடித்தத்தைச் சின்னதாக்குவது, சில இடத்தில் இல்லாமலே ஆக்குவது. பார்சல் கம்பெனியான யூபிஎஸ்ஸில் டீம்ஸ்டர்ஸ் முழுநேர டிரைவர்கள் பிரீமியம் கட்டுவதில்லை.

ஆனால் உடனே போய்க் கையெழுத்துப் போட வேண்டாம். சீனியாரிட்டி பட்டியலில் அவர் கடைசி ஆள். ஆரம்பத்தில் கூப்பிட்டால் வரும் எக்ஸ்ட்ரா போர்டில்தான் போடுவார்கள். ஜனவரியில் சரக்கு குறைந்தால் முதலில் வீட்டில் உட்காருவது கடைசி ஆள்தான். யூனியன் இன்ஷூரன்சைத் தரும் பொது நிதிக்குக் கம்பெனி பணம் கட்டுவது வேலை செய்த வாரத்தை வைத்தா, மணியை வைத்தா, வேலை இல்லாத வாரத்தில் இன்ஷூரன்ஸ் நிற்குமா என்பதை நிதி தருகிற திட்டப் புத்தகத்தில் பாருங்கள். சேர்ந்த முதல் நாளே இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ஆரம்பிக்காது. அந்த இடைவெளிக்குக் கோப்ரா என்ற சட்டம் இருக்கிறது. பழைய திட்டத்தையே முழு விலையோடு 2 சதவீதம் சேர்த்துக் கட்டித் தொடரலாம். சேர்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய 60 நாள் அவகாசம், எடுத்தால் பழைய இன்ஷூரன்ஸ் நின்ற தேதியிலிருந்தே செல்லும். அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்றால் கட்டாமலே விட்டுவிடலாம், ஏதாவது நடந்தால் அப்போது எடுத்து முன்தேதியிலிருந்து கட்டலாம். தேதியை மட்டும் தவற விடாதீர்கள், 61-வது நாள் யாரும் கேட்கமாட்டார்கள்.

மாற்றத்தை ஆண்டு நடுவில் வைத்துக்கொண்டால், கட்டி முடித்த டிடக்டிபிள் புதுத் திட்டத்தில் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: எங்கள் மாநிலத்தில் சந்தா கட்டாமலே யூனியன் ஒப்பந்தத்தின் இன்ஷூரன்ஸ் கிடைக்கும் என்று கூட வேலை செய்பவர் சொல்கிறார். உண்மையா? (ஒரு வாசகர், டெக்சஸ்)

ப: உண்மை. 1947-ன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், யூனியன் சந்தாவைக் கட்டாயமாக்கக் கூடாது என்று விதிக்கும் உரிமையை மாநிலங்களுக்குத் தந்தது. டெக்சஸ் அப்படி விதித்த மாநிலம். சந்தா கட்டாதவருக்காகவும் யூனியன் பேசியே ஆக வேண்டும். டீம்ஸ்டர்ஸ் மாதச் சந்தா பொதுவாக ஒரு மணி நேரச் சம்பளத்தைப் போல் இரண்டரை மடங்கு. மணிக்கு 32 டாலர் வாங்கினால் மாதம் 80, வருடம் 960.

இந்த 960-ஐ மிச்சம் பிடிப்பவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை, இது என் சொந்தக் கருத்து. மரியாதையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், உறுப்பினர் இல்லாதவருக்கு ஒப்பந்த ஓட்டு இல்லை. இன்ஷூரன்சைத் தொடும் திருத்தம் ஓட்டுக்கு வரும்போது அவர் வெளியே நின்று முடிவைக் கேட்டுக்கொள்ளலாம்.

கே: 2023-ல் யெல்லோ என்ற ட்ரக் கம்பெனி மூடியதைச் செய்தியில் பார்த்தேன். யூனியன் இன்ஷூரன்ஸ் என்றால் கெட்டி என்று நினைத்திருந்தேன். ஒரே நாளில் போய்விடுமா? (ஒரு வாசகர், இலினாய்)

ப: போய்விடலாம். எப்படி என்று தெரிந்துகொண்டால் பயம் குறையும், அல்லது சரியான இடத்தில் வரும்.

ட்ரக் தொழிலில் யூனியன் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ஒரு கம்பெனியின் சொத்து இல்லை. பல கம்பெனிகள் சேர்ந்து பணம் போடும் ஒரு பொது நிதி, அதை நடத்தும் குழுவில் யூனியன் ஆட்களும் முதலாளி தரப்பு ஆட்களும் சரிபாதி. நான் மேலே சொன்ன அதே 1947 சட்டம் வைத்த ஏற்பாடுதான் இது. ஒவ்வொரு டிரைவருக்கும் இவ்வளவு என்று கம்பெனி அனுப்ப வேண்டும், நின்றால் நிதியும் கையை விரிக்கும். யெல்லோ 2023 ஜூலை 15-ல் கட்ட வேண்டியதைக் கட்டவில்லை. 23-ம் தேதியோடு இன்ஷூரன்சை நிறுத்துகிறோம் என்றது சென்ட்ரல் ஸ்டேட்ஸ் என்ற அந்தப் பொது நிதி. யூனியன் ஸ்டிரைக் நோட்டீஸ் கொடுத்தது, கடைசி நேரத்தில் நிதி 30 நாள் அவகாசம் தந்தது, ஆனால் ஜூலை 30-ல் கம்பெனியே ஓட்டத்தை நிறுத்தி ஆகஸ்ட் 6-ல் திவால் மனு போட்டது. வேலை போனது கிட்டத்தட்ட 30,000 பேருக்கு, அதில் 22,000 பேர் டீம்ஸ்டர்ஸ்.

பலரும் குழப்பிக்கொள்வது பென்ஷனையும் இன்ஷூரன்சையும். சென்ட்ரல் ஸ்டேட்ஸ் பென்ஷன் நிதி மூழ்கும் நிலையில் இருந்தபோது, 2021-ல் வந்த சட்டத்தின்படி 2022 டிசம்பரில் அரசு கிட்டத்தட்ட 36 பில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது, மூன்றரை லட்சம் பேருக்கு மேல் பென்ஷன் பிழைத்தது. பென்ஷனுக்கு அரசுக் காப்பு நிறுவனம் இருக்கிறது, வருடங்கள் ஓட ஓட அது உங்கள் உரிமையாகவும் ஆகிவிடுகிறது. இன்ஷூரன்ஸ் அப்படி உரிமையாவதில்லை, அதற்குப் பின்னால் எந்தக் காப்பு நிறுவனமும் இல்லை. 20 வருடம் ஓட்டியிருந்தாலும் சரி, போன வாரம் சேர்ந்திருந்தாலும் சரி, இந்த மாதப் பணம் வந்ததா என்பதுதான் கேள்வி.

பொது நிதியில் ஒரு நல்லதும் உண்டு. அதே நிதிக்குப் பணம் போடும் இன்னொரு கம்பெனியில் வேலை கிடைத்தால், பல நேரம் அதே அட்டை, அதே டாக்டர், புதிதாக எதுவும் ஆரம்பிக்க வேண்டியிருக்காது. கம்பெனி ஆட்டம் காணுகிறது என்று சரக்கு ஏற்றுமிடத்தில் பேச்சு கிளம்பினால், பக்கத்து டெர்மினல்களில் யார் யார் அதே நிதியில் இருக்கிறார்கள் என்று அப்போதே விசாரித்து வையுங்கள்.

கே: புது ஒப்பந்தத்துக்கு எங்கள் யூனியன் கிளையில் கருத்துக் கேட்கிறார்கள். இளைஞர்கள் மணிக்கு ஒரு டாலர் கையில் கொடு என்கிறார்கள், பெரியவர்கள் அதை இன்ஷூரன்சில் போடு என்கிறார்கள். எனக்கு 34 வயது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. (ஒரு வாசகர், பென்சில்வேனியா)

ப: இளைஞர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. மணிக்கு ஒரு டாலர் என்றால் வருடத்தின் 2,080 மணி நேர வேலைக்கு 2,080 டாலர், ஓவர்டைம் ரேட்டும் சேர்ந்து ஏறும். இன்ஷூரன்சுக்குப் போகிற டாலர் ஓவர்டைமை ஏற்றாது. 28 வயதுக்காரர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் 58 வயதுக்காரரின் முட்டி ஆபரேஷனுக்குப் பணம் போடுகிறார் என்பதும் உண்மை, அதை மழுப்ப வேண்டாம்.

எதிர்ப்பக்கக் கணக்கு இது. கையில் வரும் டாலரில் அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டிக்கும் முதியோருக்கான அரசு மருத்துவ இன்ஷூரன்ஸான மெடிகேருக்கும் மட்டுமே 7.65 சதவீதம் போகும், பிறகு வருமான வரி. நிதிக்குப் போகும் டாலர் முழுசாகப் போகும். அதே டாலரை வீட்டுக்குக் கொண்டுவந்து வெளியே இன்ஷூரன்ஸ் வாங்கப் போனால் பாதி தூரம்கூடப் போகாது என்பது என் அனுபவம்.

அப்புறம், டிரைவருக்கு உடம்புதான் லைசென்ஸ். ஃபெடரல் விதிப்படி மருத்துவச் சான்று அதிகபட்சம் 24 மாதத்துக்கு. ரத்த அழுத்தம் 140/90-க்குள் இருந்தால் முழு இரண்டு வருடம் கிடைக்கும், அதைத் தாண்டினால் ஒரு வருடம், 160/100-ஐத் தொட்டால் மூன்று மாதம் தந்து குறைத்துக்கொண்டு வா என்பார்கள். எங்கள் டெர்மினலில் ஒருவர் அந்த மூன்று மாதச் சான்றை நாலாய் மடித்து லைசென்சுக்குப் பின்னால் வைத்திருந்தார். காலாவதித் தேதியைப் பேனாவால் சுற்றி வட்டம் போட்டு, அது கிழிகிற அளவுக்கு மறுபடி மறுபடி சுற்றியிருந்தார். மாத்திரைக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று கேட்டேன். கோபே, அதாவது என் கையிலிருந்து தரும் பங்கு, 10 டாலர் என்றார். இன்ஷூரன்ஸ் இல்லாமல் டாக்டரைத் தள்ளிப்போடும் டிரைவருக்கு முதலில் போவது வேலை, உடம்பு அதற்குப் பிறகுதான். அந்த 28 வயதுக்காரரும் அந்த வரிசையில்தான் நிற்கிறார், கொஞ்சம் பின்னால்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் டாலரை எங்கே போடுவது என்பதற்கு முன்பு ஒரு கேள்வி கேட்பேன். முதலாளி நிதிக்குக் கட்டும் தொகை ஐந்து வருடத்துக்கும் ஒரே எண்ணாக எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது சிகிச்சை விலை ஏறினால் அதே சலுகையைக் காப்பாற்றும் அளவுக்கு அவரும் ஏற்றிக் கட்ட வேண்டும் என்று இருக்கிறதா? முதலாவது என்றால், மூன்றாவது வருடம் கோபேயும் டிடக்டிபிளும் சத்தமில்லாமல் ஏறும், நீங்கள் ஓட்டுப் போட்ட டாலரும் கூடவே போய்விடும். இரண்டாவது எழுத்தில் கிடைக்குமென்றால் சம்பள உயர்வில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். மொத்தத்தையும் இல்லை.

கே: யூனியனை விட்டுச் சொந்த ட்ரக் வாங்கலாம் என்றிருக்கிறேன். இன்ஷூரன்ஸ்? (ஒரு வாசகர், நியூ ஜெர்சி)

ப: அரசின் இன்ஷூரன்ஸ் சந்தையான மார்க்கெட்பிளேஸில் நீங்களே வாங்க வேண்டும். லாபம் இருந்தால் பிரீமியத்தை வருமானத்தில் கழிக்கலாம். 2025-ல் அந்தத் திட்டங்களில் ஒரு குடும்பத்தின் கையிலிருந்து போகக்கூடிய உச்சவரம்பே 18,400 டாலர், பிரீமியம் அதில் சேராது. ட்ரக் தவணைக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதிப் பாருங்கள். லோடு தரும் கம்பெனி ‘ஆக்யுபேஷனல் ஆக்சிடென்ட்’ என்று ஒன்றை மலிவாக நீட்டும், அது வேலையில் அடிபட்டால் மட்டும். சர்க்கரைக்கும் பிரசவத்துக்கும் ஆகாது.

கே: 58 வயதில் ஓய்வு பெற நினைக்கிறேன். பென்ஷன் தயார். மனைவி என்னைவிட நான்கு வயது இளையவர். (ஒரு வாசகர், மிச்சிகன்)

ப: பென்ஷன் சரி. மெடிகேர் 65-ல்தான். உங்களுக்கு ஏழு வருடம், உங்கள் மனைவிக்கு 11 வருடம் இடைவெளி. கோப்ரா பொதுவாக 18 மாதத்தில் தீர்ந்துவிடும். உங்கள் நிதியில் ஓய்வு பெற்றவர்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறதா, இருந்தால் மாதம் எவ்வளவு, உங்களுக்கு 65 ஆனதும் மனைவியின் பாதுகாப்பு தொடருமா, ஓய்வுக்கு முந்தைய கடைசி சில வருடங்கள் இடைவெளியில்லாமல் இருந்திருக்க வேண்டுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியில் மாட்டிக்கொண்டவர்கள் எனக்கே தெரிந்து இரண்டு பேர். கடிதமாகக் கேட்டு, பதிலையும் கடிதமாகவே வாங்குங்கள். ஃபோனில் சொல்கிற பெண்மணிக்கு அடுத்த வாரம் உங்கள் பெயர்கூட நினைவிருக்காது.