நாவலும் இலுப்பையும் ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சியில் நாட்டு மரம் வளர்க்கும் சிறு குழு நடத்துகிறோம். ஏற்காடு போகும்போதெல்லாம் விதை எடுத்து வந்து, ஐப்பசியில் மொத்தமாக விதைத்தோம். நாவலும் இலுப்பையும் முளைக்கவே இல்லை. சரக்கொன்றையில் ஒன்றிரண்டுதான் வந்தது. ஏரிக்கரையில் நட்ட மலைச்செடிகளும் கோடையில் கருகிவிட்டன. எங்கே தவறு?

பதில்: விதைகளைச் சேர்த்து வைத்ததுதான் தவறு. நாவல், இலுப்பை, வேம்பு மூன்றும் ஈரம் வற்றினால் செத்துப்போகும் விதைகள். ஆனி, ஆடியில் பழம் விழுந்ததும் சதையைக் கழுவி, மேல் ஈரத்தை மட்டும் நிழலில் உலர்த்தி, ஒரு வாரத்துக்குள் நாற்றுப் பையில் ஊன்றிவிட வேண்டும். இரண்டு மூன்று வாரம் தாண்டினால் முளைப்பு வெகுவாகக் குறையும். நாவலில் ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று தளிர் எழும். திடமான ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

சரக்கொன்றை இதற்கு நேர்மாறு. வருடக்கணக்கில் வைத்தாலும் கெடாது, ஆனால் கெட்டியான தோல் தண்ணீரை உள்ளே விடாது. காயை உடைத்தால் கறுத்த பசைக்குள் தட்டுத்தட்டாக விதை இருக்கும். கழுவி எடுத்து, கூர்முனையை விட்டு மறுமுனையை உப்புத்தாளில் உள்ளே வெளிர்நிறம் தெரியும்வரை தேயுங்கள். ஓர் இரவு ஊறவைத்தால், தண்ணீர் ஏறியது உப்பிப் பெருத்திருக்கும். அதை மட்டும் ஊன்றுங்கள். உப்பாததை மறுபடி தேய்க்கலாம்.

பைக் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. பச்சைச் சாணம் வேண்டாம், வேர் வெந்துவிடும். மாதம் ஒருமுறை பைகளை இடம் மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் ஆணிவேர் பையைத் துளைத்துத் தரைக்குள் போய், பிடுங்கும்போது அறுந்துவிடும். நடும்போது பையைக் கிழித்து, அடியில் சுருண்டிருக்கும் வேரைக் கத்தியால் ஓரங்குலம் வெட்டிவிடுங்கள். சுருண்ட வேரோடு நட்ட மரம், வளர்ந்தபின் காற்றில் சாயும்.

மலைச்செடிகள் கருகியதற்குக் காரணம் உயரம்தான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே பனியிலும் குளிரிலும் வளர்ந்த இனம் சமவெளி வெயிலைத் தாங்காது. விதைத் தாய்மரத்தை மலையடிவாரத்திலேயே, ஊர்க்கோயில், சாலையோரம், தோப்பு என்று தேடுங்கள். ஒரே மரத்தில் மொத்தமாகப் பறிக்காமல் தள்ளித்தள்ளி நிற்கும் பத்து மரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு விதைகூட எடுக்கக் கூடாது.

ஏரிப் பக்கத்துக்கு நீர்மருது, புங்கம், நாவல் பொருந்தும். காய்ந்த மேட்டுக்கு உசிலை, வெப்பாலை. கரையின்மேல் மட்டும் பெரிய மரம் வேண்டாம். வேர் மட்கினால் அந்த வழியே தண்ணீர் கசியும். கரையின் வெளிச்சரிவு முடியும் இடத்திலிருந்து தள்ளி, ஏரிக்குரிய துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கி நடுங்கள்.

குழி ஒன்றரை அடி ஆழம், அதே அகலம். ஆவணி, புரட்டாசி மழையில் நட்டால் கோடைக்குள் வேர் இறங்கும். முதல் இரண்டு கோடைக்கும் வாரம் இருமுறை, செடிக்குப் பத்து லிட்டர் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால் செடி எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். ஆட்டுக்கு வேலியாகச் சீமைக் கருவேல முள் வெட்டிப் போடலாம். காய் இருந்தால் முதலில் உதிர்த்து எரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேலியே முளைத்துவிடும்.