போல்ட் முறிந்த பிறகு: வாசகர் கேள்வி-பதில்

மழை ஓய்ந்து அக்டோபர் பிறந்ததும் எனக்கு வரும் கடிதங்களின் ராகமே மாறிவிடும். ஏ.சி. குளிரவில்லை, கிளட்ச் கனக்கிறது என்பதெல்லாம் போய், "சார், போல்ட் முறிந்துவிட்டது" என்று ஆரம்பிக்கும். மும்பையில் நாலு மாதம் கொட்டும் மழை 2,000 மில்லிமீட்டருக்கு மேல். கடல் ஏறும் நேரத்தில் கிங்ஸ் சர்க்கிளிலும் ஹிந்த்மாதாவிலும் முழங்கால் தண்ணீர். "நம்முடையது ஃபோர் வீல் டிரைவ் ஆச்சே" என்று அதில் இறக்கி ஓட்டியவர்கள்தான் இப்போது வரிசையில் நிற்கிறார்கள். இந்த முறை முழுக்க சஸ்பென்ஷன். வண்டி எது, எந்த வருடம் என்று எழுதாதவர்களுக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கும். ஏற்கெனவே பல தடவை சொல்லியாயிற்று.

கேள்வி (செம்பூர்): பழைய ஸ்கார்பியோ, ஃபோர் வீல் டிரைவ். முன்பக்க லோயர் ஆர்ம் புஷ் (ஆர்ம் சேஸிஸோடு சேரும் இடத்து ரப்பர் உறை) மாற்றுவதற்காக நட்டைக் கழற்றிவிட்டோம். போல்ட் சுற்றுகிறது, ஆனால் வெளியே வர மறுக்கிறது. சம்மட்டியால் அடித்ததில் நுனி மழுங்கிவிட்டது. கேஸ் வைத்துக் காய்ச்சலாமா?

பதில்: வேண்டாம். கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட் திரும்பும்போது புஷ்ஷின் நடுவில் இருக்கும் இரும்புக் குழாயும் கூடவே திரும்பும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். ஸ்பேனரை விட்டதும் மெல்லப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். போல்ட்டும் குழாயும் துருவில் ஒன்றாகிவிட்டன என்று அர்த்தம். இதற்கு மேல் அடித்தால் வளைவது சேஸிஸ் பிராக்கெட்டின் காதுதான். காய்ச்சினால் ரப்பர் எரியும், பக்கத்திலேயே பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் போகின்றன. புஷ்ஷை எப்படியும் தூக்கிப் போடத்தான் போகிறீர்கள், வெட்டிவிடுங்கள். பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் மயிரிழை போல ஓர் இடைவெளி இருக்கும். இரண்டு பக்கமும் அதில் ரெசிப்ரோ சா (முன்னும் பின்னும் ஓடும் மின் ரம்பம்) பிளேடை விட்டு அறுத்தால் ஆர்ம் தானாகக் கீழே இறங்கும். ரெசிப்ரோ சா இல்லையென்றால் ஒரு மில்லிமீட்டர் கட்டிங் வீல் போட்ட கிரைண்டர், பிராக்கெட்டில் கீறல் விழாமல். புது போல்ட், புது நட், புது புஷ் வாங்கி வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். அலைன்மென்ட் சரிசெய்யும் கேம் போல்ட்டாக இருந்தால் கேம் வாஷரும் புதிதாக வேண்டும், வேலை முடிந்த அன்றே வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

கேள்வி (மாட்டுங்கா): 17 நம்பர் போல்ட் தலை முறிந்துவிட்டது. டிரில் போட்டு ஈஸி-அவுட் (முறிந்த போல்ட்டைக் கடித்துத் திருப்பி எடுக்கும் கருவி) விட்டோம். அதுவும் உள்ளே உடைந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: எந்த வண்டி? எந்த இடத்து போல்ட்? 17 என்பது நீங்கள் பிடித்த ஸ்பேனரின் அளவு, போல்ட்டின் அளவல்ல. ஜப்பான் வண்டியில் 17 ஸ்பேனர் பிடித்தால் அது பெரும்பாலும் எம்12, அதாவது 12 எம்.எம். தடிமன் போல்ட். பழைய ஜெர்மன் அளவில் அதே 17 ஸ்பேனர் எம்10-க்குப் பொருந்தும். இது தெரியாமல் எந்த அளவு டிரில் போட்டீர்கள் என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

ஈஸி-அவுட் கண்ணாடி மாதிரி, கெட்டியாக இருக்கும், வளையாது, உடையும். சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். கார்பைடு பிட் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நொறுக்கி எடுப்பதுதான் இப்போது மிச்சமுள்ள வழி. கழற்றி எடுத்துப் போகக்கூடிய பாகம் என்றால் ஸ்பார்க் எரோஷன் (மின்பொறியால் இரும்பை அரித்து எடுப்பது) செய்யும் டூல் ரூமில் கொடுங்கள், மரை கெடாமல் எடுத்துவிடுவார்கள். சேஸிஸ் என்றால் அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாது.

முதலிலேயே செய்திருக்க வேண்டியது இது: முறிந்த துண்டின் மேல் ஒரு வாஷரை வைத்து அதன் துளை வழியாக மிக் வெல்டிங்கில் பொட்டு வைத்து நிரப்பி, அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கமாக வெல்ட் செய்ய வேண்டும். சிவப்பு போய்க் கறுத்து, கொஞ்சம் ஆறும்வரை காத்திருந்து, ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் அசைத்தபடி கழற்ற வேண்டும். பாதி வேலையைச் செய்வது நட் அல்ல, சூடு. முதல் தடவை வெல்ட் பிய்ந்து வந்தால் மறுபடி வையுங்கள், இரண்டு மூன்று தடவை ஆகலாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். எர்த் கிளாம்பை வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள், கரண்ட் வீல் பேரிங் வழியாகப் போகக்கூடாது.

கேள்வி (தாராவி): துருப்பிடித்த போல்ட்டுக்கு டபிள்யூ.டி.40 போதுமா?

பதில்: லேசான துருவுக்குப் போதும். கெட்டியான துருவுக்குப் பெனட்ரேட்டிங் ஆயில் என்றே தனியாக விற்பதை வாங்குங்கள். எது வாங்கினாலும் முந்தின நாள் ராத்திரியே அடியுங்கள். அடித்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் ஸ்பேனர் போடுகிறவருக்கு எந்த எண்ணெயும் உதவாது. முதல் அசைவு இறுக்கும் பக்கமாகக் கொஞ்சம், அப்புறம்தான் கழற்றும் பக்கம்.

கேள்வி (முலுண்ட்): என்னிடம் இருப்பது மாருதி ஜிப்ஸி. பின்பக்கம் இடது கமான் பட்டையின் சென்டர் போல்ட் ஒரே வருடத்தில் இரண்டாம் முறை முறிந்துவிட்டது. முதல் தடவை 8.8 (பலத்தைக் குறிக்க போல்ட் தலையில் போடும் எண்) போட்டோம். இப்போது மெக்கானிக் 12.9 போட்டால் ஜென்மத்துக்கும் முறியாது என்கிறார். நாக்தேவி தெருவில் கிடைக்கும் என்றார். போடலாமா?

பதில்: போடக்கூடாது. இந்த "இன்னும் பலமான போல்ட் போடு" வியாதி பட்டறைக்குப் பட்டறை பரவியிருக்கிறது. முறிந்தால் 10.9, அதுவும் முறிந்தால் 12.9. ஏன் முறிந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சென்டர் போல்ட்டின் வேலை பட்டைகளைக் கோத்துப் பிடிப்பதும், அதன் தலை ஆக்சிலில் உள்ள குழியில் உட்கார்ந்து இடத்தைக் காட்டுவதும்தான். பிரேக் பிடிக்கும்போதும் வேகம் எடுக்கும்போதும் ஆக்சில் நகராமல் பிடித்துவைப்பது, பட்டைகளையும் ஆக்சிலையும் சேர்த்துக் கட்டும் யூ-போல்ட்டின் இறுக்கம். அந்த இறுக்கம் தளர்ந்த நாளிலிருந்து, யூ-போல்ட் செய்ய வேண்டிய வேலையை அந்தச் சின்ன போல்ட் தனியாளாகச் செய்கிறது. கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் போகும். 12.9 போட்டால் இன்னும் சில மாதம் தாங்கும், அவ்வளவுதான். அதற்குள் அந்தத் துளை இருக்கும் இடத்தில் மெயின் பட்டையே உடையலாம். போல்ட்டை விட அதன் செலவு எத்தனை மடங்கு என்று அந்த மெக்கானிக்கையே கேளுங்கள்.

முறிந்த துண்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களா? துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முறிந்த முகத்தில் ஒரு பக்கம் கறுப்பாக, வழவழவென்று, கரையில் அலை வந்து போன தடம் போல வரி வரியாக இருக்கும். மீதிப் பக்கம் வெள்ளையாக, சர்க்கரை மாதிரி பொரபொரவென்று இருக்கும். கறுப்புப் பக்கம் பல நாளாக விரிசல் விட்டு ஊர்ந்த இடம். வெள்ளைப் பக்கம் கடைசி நிமிஷத்தில் பிய்ந்த இடம். கறுப்புதான் அதிகம் என்றால் அது ஆடி ஆடி முறிந்திருக்கிறது, யூ-போல்ட் எப்போதோ தளர்ந்துவிட்டது. முகம் முழுக்கவே பொரபொரப்பு என்றால் மட்டும்தான் ஒரே அடியில் போனது.

புது யூ-போல்ட் நாலும் வாங்குங்கள். பழையது ஒரு தடவை இழுபட்டது, மறுபடி இறுக்கினால் அதே பிடி வராது. லேத்தில் சாதாரண இரும்புக் கம்பியைக் காய்ச்சி வளைத்து மரை வெட்டித் தருவார்கள், அதைத் தொடாதீர்கள். சென்டர் போல்ட் 8.8 போதும், தலை ஆக்சில் குழியில் ஆடாமல் உட்கார வேண்டும், அதுதான் முக்கியம். பட்டைகளுக்கு நடுவில் சேறு, துரு, தடிமனான பெயின்ட் எதுவும் இருக்கக்கூடாது. பெயின்ட் நசுங்க நசுங்க இறுக்கம் குறையும். வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போது குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், கடைசிச் சுற்று டார்க் ரென்ச்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்). 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி அதே டார்க் ரென்ச். இந்தக் கடைசி வேலையைச் செய்கிற பட்டறையை மும்பையில் விரல் விட்டு எண்ணிவிடலாம். "ஓட்டிட்டு ஒரு தடவை கொண்டு வாங்க" என்று சொல்லவே மாட்டார்கள், சொன்னாலும் நாம் போக மாட்டோம்.

12.9 பற்றி இன்னொன்று. அவ்வளவு கெட்டியான எஃகுக்கு ஈரமும் உப்பும் ஆகாது. முலாம் பூசியதாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம், எந்த அறிகுறியும் காட்டாமல் பட்டென்று முறியும். கடலோர ஊரில் வண்டிக்கு அடியில் மாட்டுகிற பொருளே அல்ல அது. கம்பெனி 8.8 போட்டிருந்தால் 8.8, 10.9 போட்டிருந்தால் 10.9. தலையில் எண்ணே இல்லாத போல்ட்டைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வண்டியை எடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் பின்சக்கர மையத்திலிருந்து கமான் பட்டையின் முன்கண் போல்ட் வரை டேப்பால் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஆக்சில் நகர்ந்துவிட்டது, பட்டறைக்குக்கூட ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். டோ வண்டி வரட்டும்.

கேள்வி (வாஷி): சஸ்பென்ஷன் போல்ட் எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றிவிட்டால் துருத் தொல்லையே இருக்காதே?

பதில்: துரு இருக்காது, பலமும் இருக்காது. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ் 450 மெகாபாஸ்கல் சுமையிலேயே நீள ஆரம்பித்துவிடும். 8.8 போல்ட் 640 வரை தாங்கும், 10.9 என்றால் 900. நம்பர் பிளேட்டுக்குப் போடுங்கள்.

கேள்வி (காட்கோபர்): முறிந்த எம்10 போல்ட்டை முழுவதும் டிரில் செய்து எடுத்துவிட்டேன். 10 எம்.எம். பிட்தான் போட்டேன். இப்போது மரை வெட்டும் டேப் சும்மா சுற்றுகிறது.

பதில்: எம்10 போல்ட்டுக்கு 10 எம்.எம். துளை போட்டால் டேப் கடிப்பதற்கு என்ன மிச்சம்? சாதாரண எம்10-க்கு 8.5 எம்.எம். பிட், ஜப்பான் வண்டிகளில் வரும் நெருக்கமான 1.25 மரைக்கு 8.8 எம்.எம். சென்டர் பஞ்ச் வைத்து, 3 எம்.எம்.மில் ஆரம்பித்து, படிப்படியாகப் போக வேண்டும். இடது பக்கம் சுற்றும் டிரில் பிட் கிடைக்கும், அதைப் போட்டால் பாதி வழியிலேயே போல்ட் தானாகக் கழன்று வருவதும் உண்டு. உங்களுக்கு இப்போது ஹெலிகாயில்தான் (துளைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) கதி. துளை கோணலாகப் போயிருந்தால் அதுவும் இல்லை, நல்ல லேத்காரரைப் பாருங்கள்.

கேள்வி (மலாட்): சேஸிஸுக்கு உள்ளே வெல்ட் செய்திருக்கும் நட் பிய்ந்துவிட்டது. போல்ட்டோடு சேர்ந்து அதுவும் சுற்றுகிறது.

பதில்: போல்ட் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் உளியோ பெரிய ஸ்குரூடிரைவரோ விட்டு இழுத்துப் பிடித்தபடி கழற்றிப் பாருங்கள், சில சமயம் நட் உள்பக்கம் சிக்கி நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் தலையை அறுத்துவிட்டு, சேஸிஸில் பக்கவாட்டில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டி, புது நட்டை உள்ளே வைத்து வெல்ட் செய்து, ஜன்னலை மூட வேண்டும். பெட்டி சேஸிஸின் மேல், கீழ்ப் பக்கங்களை வெட்ட விடாதீர்கள், பாரம் தாங்குவது அவைதான். மூடிய பிறகு உள்ளே மெழுகு கலந்த துருத் தடுப்பு அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (பாந்த்ரா): பழைய பஜேரோ. டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதில் வரும் முறுக்குக் கம்பி) அட்ஜஸ்ட் செய்யும் போல்ட் அசையவே இல்லை. வண்டியை ஜாக்கியில் ஒரு பக்கம் தூக்கி, பாதுகாப்புக்கு இரண்டு செங்கல் வைத்திருக்கிறேன். பெரிய பைப் மாட்டித் திருப்பலாமா?

பதில்: முதலில் அந்தச் செங்கலை எடுத்துச் செடித் தொட்டிக்கு முட்டுக் கொடுங்கள். எத்தனை தடவை எழுதினாலும் ஜாக்கியை நம்பிக் கீழே படுக்கிறார்கள்! இரண்டு பக்கமும் சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்ட், தரை சமமாக இருக்க வேண்டும், பின்சக்கரத்துக்குக் கட்டை. அப்புறம்தான் மற்றது.

அந்த போல்ட் முறுக்கிய கம்பியின் மொத்த விசையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. முறிந்தால், அந்தக் கம்பியின் நுனியைப் பிடித்திருக்கும் ஆங்கர் ஆர்ம் விட்டெறிந்தது போல வரும், அதன் நேர்க்கோட்டில் முகமோ கையோ இருக்கக்கூடாது. முன்சக்கரம் இரண்டும் முழுதாகத் தொங்க வேண்டும், அப்போதுதான் விசை குறையும். மரை எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள், பாருக்கும் ஆர்முக்கும் பெயின்ட்டில் குறி வையுங்கள். முந்தின ராத்திரியே எண்ணெய். பைப் வேண்டாம். ஆர்மைத் தனியாக ஒரு கிளாம்ப் வைத்துத் தாங்கிவிட்டு போல்ட்டின் பாரத்தை எடுக்கும் டூல் இருக்கும் பட்டறையில் செய்யுங்கள், வீட்டு வேலை அல்ல இது. சொசைட்டி காம்பவுண்டில் வேலை செய்யக்கூடாது என்று செயலாளர் சண்டை போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி.

கேள்வி (கொலாபா): மஹிந்திரா தார் வண்டி வைத்திருக்கிறேன். வண்டியையும் ஏற்றிக்கொண்டு போகும் ரோ-ரோ படகில் மாண்ட்வா போய் அலிபாக் பக்கம் கடற்கரையில் ஓட்டுவது வழக்கம். போல்ட் துருப்பிடிக்காமல் இருக்க என்ன தடவலாம்?

பதில்: கடற்கரையில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. போன அன்றே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், மறுநாள் என்று தள்ளிப் போட்டால் உப்பு வேலையை ஆரம்பித்துவிடும். அடுத்த முறை கழற்றும்போது புஷ் குழாய்க்குள் போகும் போல்ட்டின் உடம்பில் ஆன்டி-சீஸ் (துருவில் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவுங்கள். மரையில் தடவாதீர்கள். மரை வழுக்கினால் அதே டார்க்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும், அதுவே முறிய வழி.

கேள்வி (சயான்): போன தீபாவளிக்கு மாற்றிய புஷ் எல்லாம் ஒரே வருடத்தில் கிழிந்துவிட்டன. டூப்ளிகேட் சரக்கா?

பதில்: சரக்கின் மேல் பழி போடுவதற்கு முன், சக்கரம் தொங்கும்போதே ஏர் கன்னில் போல்ட்டை இறுக்கினார்களா என்று கேளுங்கள். அப்படி இறுக்கினால் வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே நிற்கும். தொங்கும்போது கையால் மாட்டி, தரையில் இறக்கிய பிறகு டார்க் ரென்ச்சில் இறுக்க வேண்டும். ஆம், மறுபடியும் டார்க் ரென்ச்.

கேள்வி (டோம்பிவிலி): ஷாக் அப்சார்பரின் மேல் நட்டைத் திருப்பினால் ராடும் சேர்ந்து சுற்றுகிறது. அவசரம்.

பதில்: ராடின் உச்சியில் தட்டையாகவோ ஆலன் கீ போடும் குழியாகவோ பிடிமானம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். அதுவும் மழுங்கியிருந்தால் நட்டைப் பக்கவாட்டில் கிரைண்டரால் பிளந்துவிடுங்கள். ஷாக்கைத் திரும்பப் போடுவதாக இருந்தால் பளபளக்கும் ராடில் வைஸ் கிரிப் (கவ்விப் பூட்டிக்கொள்ளும் குறடு) வைக்காதீர்கள், கீறல் விழுந்தால் சீல் போய்விடும். உங்கள் வண்டியில் ஷாக்கும் காயில் ஸ்பிரிங்கும் ஒன்றாக இருந்தால் ஸ்பிரிங் கம்ப்ரெசர் மாட்டாமல் அந்த நட்டைத் தொடவே கூடாது. எந்த வண்டி என்று எழுதியிருந்தால் இந்தக் கடைசி வரிக்கு வேலையே இருந்திருக்காது.