ஈயத்தில் வெள்ளை பூத்தால் கழுவக் கொடுக்காதீர்கள்

கேள்வி: தாத்தா சேர்த்து வைத்திருந்த காரீயப் பொருட்கள் எங்களிடம் வந்திருக்கின்றன. சின்னச் சின்னப் படைவீரர் பொம்மைகள், ஒரு முகம் வார்த்த வட்ட வில்லை, விரல் நீளத்துக்கு மடித்த ஒரு தகடு. இத்தனை காலமும் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தவை. போன வருடம் கண்ணாடிக் கதவு வைத்த மர அலமாரி ஒன்று செய்து அதில் அடுக்கினோம். இப்போது எல்லாவற்றிலும் மாவு தூவியதைப் போல வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பழம்பொருள் வாங்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இது ஈயத்துக்கு வரும் நோய், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும். அமிலத்தில் கழுவி லாக்கர் என்ற வார்னிஷ் அடித்துத் தருகிறேன், இல்லாவிட்டால் எனக்கே கொடுத்துவிடுங்கள்" என்கிறார். எவ்வளவு பழையது என்பதற்கு ஆய்வகச் சான்றிதழும் வாங்கித் தருவாராம். நம்பலாமா?

பதில்: கழுவக் கொடுக்காதீர்கள். விற்கவும் அவசரப்படாதீர்கள். இன்றே செய்ய வேண்டியது ஒன்றுதான், எல்லாவற்றையும் அந்த அலமாரியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. தாத்தா காலம் முழுக்கத் தகரப் பெட்டிக்குள் ஒன்றும் ஆகாத பொருள், மர அலமாரிக்குப் போன ஒரே வருடத்தில் பூத்திருக்கிறது. அப்படியானால் கோளாறு எங்கே?

எடுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முகக்கவசமும் வேண்டும். அந்த வெள்ளைத் தூள் விஷம். வாயால் ஊதாதீர்கள், காய்ந்த தூரிகையால் தட்டாதீர்கள், வீட்டு வாக்குவம் கிளீனரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், அது நுண்தூளை அறை முழுக்கப் பரப்பிவிடும். தட்டில் உதிர்ந்ததை ஈரக் காகிதத்தால் துடைத்து, காகிதத்தை உறையில் போட்டு மூடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் இதை நான் இரண்டு முறை சொல்வேன். உடம்புக்குள் இவ்வளவு வரை போனால் பரவாயில்லை என்று ஈயத்துக்கு ஓர் அளவு இல்லை. உலக சுகாதார அமைப்பே அப்படித்தான் சொல்கிறது.

சரி, என்ன நடந்தது? மரம் அறுத்துப் பல வருடம் ஆன பிறகும் அசிட்டிக் அமில ஆவியை மெல்ல வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். ஓக் மரம் இதில் படுமோசம். பிளைவுட்டும் மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையும் அதற்குச் சளைத்தவை அல்ல, அவற்றின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவும் வரும், அது ஃபார்மிக் அமிலமாக மாறும். கண்ணாடிக் கதவை நன்றாக மூடி வைத்திருப்பீர்கள், தூசி படக் கூடாது என்று. ஆவியும் உள்ளேயே தங்கிவிட்டது. ஈயம் விசித்திரமான உலோகம். கார் பேட்டரிக்குள் கந்தக அமிலத்தில் வருடக்கணக்காக மூழ்கிக் கிடக்கும், ஆனால் இந்த லேசான புளிப்பு ஆவிக்குத் தோற்றுவிடும். அமிலம் ஈயத்தைத் தின்று ஈய அசிட்டேட் ஆகிறது. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடும் ஈரமும் அதை வெள்ளைக் கார்பனேட்டாக மாற்றுகின்றன. அப்போது அமிலம் மறுபடி விடுபட்டு அடுத்த அடுக்கைத் தின்னப் போகிறது. அதனால்தான் கொஞ்சம் ஆவியே போதுமானதாக இருக்கிறது.

உங்கள் பொம்மை மேல் இருக்கும் இந்தத் தூள், ஓவியர்கள் இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலாகக் காசு கொடுத்து வாங்கிய பொருள். ஈய வெள்ளை. கி.மு. 300 வாக்கில் கிரேக்கர் தியோபிராஸ்டஸ் இதைச் செய்யும் விதத்தை எழுதியிருக்கிறார், ஒரு கலத்தில் வினிகருக்கு மேலே ஈயத்தை வைத்து மூடிவிட வேண்டும், மேலே படியும் வெள்ளையைச் சுரண்டி எடுக்க வேண்டும். பின்னாளில் டச்சுக்காரர்கள் இதையே பெரிய தொழிலாக்கினார்கள். மண்சாடியின் அடியில் வினிகர், அதற்கு மேலே சுருட்டிய ஈயத் தகடு, சாடிகளைச் சுற்றிக் குதிரைச் சாணம். சாணம் மக்கும்போது சூடும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். சில மாதம் கழித்துத் திறந்தால் தகடு வெள்ளைச் செதில்களாகியிருக்கும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த லேஸ் காலர்களின் வெண்மை இதுதான். இருபதாம் நூற்றாண்டில் டைட்டேனியம் வெள்ளை வரும்வரை எண்ணெய் ஓவியத்தில் இதை அடித்துக்கொள்ள வேறு வெள்ளை கிடையாது. எக்ஸ்ரேயை இது தடுப்பதால்தான் ஓவியர் முதலில் வரைந்து பிறகு மறைத்த கையும் முகமும் இன்று படத்தில் தெரிகின்றன. வேலை செய்தவர்களின் கதை வேறு. ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் ஈயம் உருக்குகிறவர்களின் வெளிறிய தோலைக் காட்டி, தண்ணீருக்கு ஈயக் குழாயைவிட மண்குழாயே நல்லது என்று எழுதினார். யார் கேட்டார்கள்?

ஆக, உங்கள் அலமாரி சாணம் இல்லாமலே அந்தப் பழைய பட்டறை வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இதில் நோயும் இல்லை, தொற்றும் இல்லை. எல்லாப் பொருளும் ஒரே காற்றைச் சுவாசித்ததால் எல்லாவற்றிலும் பூத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி அந்த வியாபாரிக்கு வருவோம். அமிலத்தில் கழுவுகிறேன் என்கிறாரே, அமிலத்தால் வந்த வினைக்கு அமிலமே மருந்தா? கழுவினால் வெள்ளை போகும், பார்க்கப் பளபளவென்று இருக்கும், உண்மைதான். வெள்ளை இருந்த இடம் எல்லாம் ஒரு காலத்தில் உலோகம் என்பதை அவர் சொல்ல மாட்டார். அது கரைந்து போனால் அடியில் குழி. மூக்கு நுனி, தொப்பியின் விளிம்பு, சட்டைப் பொத்தான் எல்லாம் மழுங்கிவிடும். கழுவிய அமிலத்தின் மிச்சம் நுண்துளைகளில் தங்கியிருக்கும். அதன் மேல் லாக்கர் அடித்தால் உள்ளே பூட்டி வைத்த மாதிரிதான். ஒரு வருடம் கழித்து லாக்கருக்கு அடியிலிருந்தே வெள்ளை கிளம்பும், அப்போது அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். இப்படிக் கழுவிய வில்லைகள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. முகம் இருந்த இடத்தில் ஒரு வழவழப்பான மேடு மட்டும் இருக்கும். அதைத் திருப்பிக் கொண்டுவர யாராலும் முடியாது. பொம்மைகளில் இன்னொரு சிக்கல்: 1893-இல் இங்கிலாந்தில் பிரிட்டன் என்ற பொம்மைக் கம்பெனி உள்ளே பொள்ளலாக வார்க்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு வந்த வீரர்கள் பலரும் மெல்லிய ஓடுதான். கொஞ்சம் அரித்தாலே கணுக்காலில் ஓட்டை விழுந்துவிடும். வெறும் தண்ணீரில் கழுவலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். அதுவும் காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீர் வேண்டவே வேண்டாம், கடினநீரைவிட அதுதான் ஈயத்தை அதிகம் அரிக்கும்.

"பழைய ஈயத்தில் வெள்ளி கலந்திருக்கும், உருக்கிப் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. ஈயத் தாதுவில் வெள்ளி இருப்பது உண்மை. ஏதென்ஸுக்கு லாரியன் சுரங்கம் செல்வம் கொடுத்தது அப்படித்தான். ஆனால் வெள்ளிக்காகவே அந்தத் தாதுவைத் தோண்டினார்கள், வெள்ளியைப் பிரித்துக்கொண்ட பிறகு மிஞ்சிய ஈயம்தான் குழாயாகவும் கூரையாகவும் ஆனது. பிரித்தவர்கள் உங்களுக்காக மிச்சம் வைத்துவிட்டுப் போகவில்லை.

சான்றிதழ் விஷயம் இதைவிடப் பெரிய ஏமாற்று. ஐசோடோப் சோதனை என்று ஒரு காகிதம் தருவார்கள், நான்கு தசமப் புள்ளி வரை எண்கள் இருக்கும். ஐசோடோப் என்றால் ஒரே தனிமத்தின், எடையில் மட்டும் வேறுபடும் அணு வகை. ஈயத்தின் நான்கு நிலையான ஐசோடோப்புகளின் விகிதம் தாது எந்தப் பகுதியிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லும். வயதைச் சொல்லாது. ஈயத்தைப் போல மறுபடி மறுபடி உருக்கிய உலோகம் குறைவு, அது 327 டிகிரியிலேயே உருகிவிடும். பழைய கூரை, பழைய குழாய் எல்லாம் ஒரே சட்டியில் கலந்தால் அந்த விகிதத்துக்கும் அர்த்தமில்லை. வயது பற்றி ஓரளவு பேசுவது ஈயம்-210 என்ற கதிரியக்க வகை. அதன் அரைவாழ்வு சுமார் 22 வருடம், அதாவது அவ்வளவு காலத்தில் பாதி சிதைந்துவிடும், ஆகவே தாதுவிலிருந்து பிரித்து ஓரிரு நூற்றாண்டு ஆன ஈயத்தில் அது கிட்டத்தட்டத் தீர்ந்திருக்கும். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்தது என்று 1937-இல் நிபுணர்கள் கொண்டாடிய எம்மாவுஸ் ஓவியம் இருபதாம் நூற்றாண்டில் ஹான் வான் மீகெரன் செய்த போலி என்பதை 1968-இல் பெர்னார்ட் கைஷ் என்ற விஞ்ஞானி இந்த வழியில்தான், அதிலிருந்த ஈய வெள்ளையை அளந்து உறுதிப்படுத்தினார். அழகான வேலை. ஆனால் உங்கள் வில்லைக்கு இது உதவாது, ஏன் தெரியுமா? நேற்று ஒருவன் பழைய ஈயக் குழாயை உருக்கி அந்த வில்லையை வார்த்திருந்தாலும் சோதனை "பழைய ஈயம்" என்றே சொல்லும். ஈயம் பழையது, வில்லை புதியது. சான்றிதழ் விற்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆய்வகங்களைச் சொல்லியும் புண்ணியமில்லை. மாதிரி கொடுத்தால் எண்ணைத் தருவார்கள், அதை வைத்து என்ன முடிவுக்கு வரலாம், எதற்கு வரக் கூடாது என்று ஒரு வரி எழுத மாட்டார்கள். அலமாரிப் பலகையின் கதையும் இப்படித்தான். பெரிய அருங்காட்சியகங்கள் காட்சிப் பெட்டி செய்யும் முன் பலகை, பசை, துணி எல்லாவற்றையும் சோதிக்கின்றன. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஓடி என்பவர் 1973-இல் வகுத்த முறை: பொருளின் ஒரு துண்டை வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளோடும் துளி தண்ணீரோடும் குடுவையில் அடைத்து 60 டிகிரியில் 28 நாள் வைப்பார்கள். ஈயம் வெளுத்தால் அந்தப் பலகை கூடாது. இவ்வளவு எளிய சோதனை. ஆனால் பலகை விற்கிறவர்களுக்கு இதைக் கட்டாயமாக்க யாருக்கும் தோன்றவில்லை. பலகையில் ஒட்டியிருக்கும் குறைந்த ஃபார்மால்டிஹைடு முத்திரை உங்கள் நுரையீரலுக்கானது, ஈயத்துக்கானது அல்ல. அதைப் பார்த்து நிம்மதி அடைந்து சேகரிப்பையே இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், போகிற போக்கில் சொன்னீர்களே, மடித்த தகடு. அதை மட்டும் தனியாகப் பேச வேண்டும். மற்றவற்றைப் பெட்டியில் போட்டால் போதும், இதை அப்படி விட முடியாது. மேலே கீறல் போன்ற கோடுகள் தெரிகின்றனவா என்று சாய்வெளிச்சத்தில் பாருங்கள். கிரேக்கரும் ரோமரும் மெல்லிய ஈயத் தகட்டில் ஆணியால் சாபம் எழுதி, மடித்து, சில சமயம் ஆணி அடித்து, கல்லறையிலும் கிணற்றிலும் போடுவார்கள். கீறுவதற்கு மென்மை, மடிக்க எளிது, விலை மலிவு. இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஈயம் போலவே எதிரியும் குளிர்ந்து பயனற்றுப் போகட்டும் என்றே சில தகடுகளில் எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் பாத் நகர வெந்நீர் ஊற்றில் சுமார் 130 தகடுகள் கிடைத்தன, பெரும்பாலும் திருட்டுப் புகார்கள். டோசிலியானஸ் என்பவர் தன் முக்காட்டு அங்கியைத் திருடியவனுக்கு, ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ, அங்கி கோயிலுக்குத் திரும்பி வரும்வரை தூக்கமும் பிள்ளைப்பேறும் கிடைக்கக் கூடாது என்று சுலிஸ் மினர்வா தேவியிடம் முறையிடுகிறார்.

உங்களுடையது அப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மீன்வலைக்குக் கட்டிய வெறும் எடையாகவும் இருக்கலாம். ஆனாலும் பிரிக்காதீர்கள். புது ஈயம் காகிதம் போல வளையும், அரித்த ஈயம் மடிப்பில் பட்டென்று உடையும். வெள்ளையையும் துடைக்காதீர்கள், ஏனென்றால் எழுத்தின் கீறல் பல சமயம் அந்த வெள்ளைப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும், அடியில் உள்ள உலோகத்தில் இருக்காது. இதற்கென்றே ஒரு சிகிச்சை உண்டு, மிகக் குறைந்த மின்சாரம் செலுத்தி அரிப்பை இருந்த இடத்திலேயே மறுபடி ஈயமாக்குவார்கள், கீறலும் கூடவே நிற்கும். உலோகப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டும். வாரக்கணக்கில் ஆகும், அதற்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடு. மடித்தபடியே உள்ளே படிக்கலாமே என்றால், சாதாரண எக்ஸ்ரேயை ஈயம் தடுத்துவிடும். மண்ணிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு உண்டென்றால் உங்கள் நாட்டுத் தொல்லியல் துறையிடம் காட்டிவிடுங்கள், சட்டச் சிக்கலும் தீரும். பதில் வரத் தாமதமாகும், கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவற்றுக்கு அந்தத் தகரப் பெட்டியே போதும், உள்ளே காகிதமோ அட்டையோ ஒட்டியிருந்தால் மட்டும் நீக்கிவிடுங்கள். பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் டப்பாக்களும் நல்லவை. கண்ணில் படும்படி வைக்க ஆசையென்றால் கண்ணாடியும் உலோகமும் சேர்ந்த பெட்டி செய்யுங்கள். கண்ணாடி ஒட்டும் சிலிக்கான் பசையை முகர்ந்து பாருங்கள், வினிகர் வாடை அடித்தால் அதே வம்புதான், வாடை வராத வகையைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் ஆவியை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கரிப் பொட்டலமும் போட்டு ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் அரிப்பு நிற்கும். இருக்கும் வெள்ளை இருக்கட்டும். மாதம் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், புதிதாகப் பூக்கவில்லை என்றால் கவலையை விடுங்கள்.

அலமாரியை உடைத்துப் போட வேண்டியதில்லை, உள்தட்டுகளை ஈரத் துணியால் துடைத்துவிட்டு கண்ணாடிப் பாத்திரம் வைத்துக்கொள்ளலாம். சங்கு, சிப்பி மட்டும் வைக்காதீர்கள். அவற்றையும் அதே ஆவி அரிக்கும்.