சாக்லேட் பாலில் எண்ணெய் மிதக்குதா? முதலில் கூழாக்குங்க

சாக்லேட் கட்டியைப் பால்ல போட்டுக் கலக்கினா மேலே எண்ணெய் மிதக்குது, அடியில் மணல் மாதிரி தங்குதுன்னு கேட்டு எழுதியிருந்தீங்க. சாக்லேட்டை மொத்தப் பாலில் கொட்டாதீங்க. முதலில் நாலு மேசைக்கரண்டி சூடான பாலில் மட்டும் போட்டு, பளபளன்னு கூழாகும்வரை கலக்குங்க. அப்புறம் மீதிப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊற்றுங்க. மேலே எண்ணெய் மிதக்கிறதும் அடியில் மணல் மாதிரி தங்குறதும் பெரும்பாலும் இதிலேயே குறைஞ்சிடும்.

ஆனா ஒண்ணு உறுத்துது. கோலாலம்பூர் செந்தூல்ல, கேக் சாமான் கடையில் கட்டியா, மலிவா வாங்கினதுன்னு எழுதியிருக்கீங்க. அது காம்பவுண்ட் சாக்லேட்டா இருக்கலாம், அதாவது கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாத் தாவரக் கொழுப்பு சேர்த்தது. கோலாலம்பூர் வெக்கைக்கு அது தாங்கும், கேக் மேல பூசவும் நல்லாருக்கும். குடிச்சா நாக்குல மெழுகு ஒட்டின மாதிரிதான்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க: மலாய்ல 'மெந்தேகா கோக்கோ'ன்னு (கொக்கோ வெண்ணெய்) இருக்கா, 'லெமாக் சாயுரான்'னு (தாவரக் கொழுப்பு) இருக்கா? பாக்கெட் இல்லேன்னா ஒரு துண்டை மெல்லாம நாக்குல வைங்க. கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியிலேயே உருகிடும். காம்பவுண்ட் பெரும்பாலும் சீக்கிரம் உருகாம அடம்பிடிக்கும்.

நான் போடுற அளவு: 200 மில்லி பாலுக்கு 60 சதவீதம் கொக்கோ உள்ள சாக்லேட் 30 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. டின் பால் (இனிப்பான கண்டென்ஸ்டு மில்க்) ஊத்தினா சீனி வேணாம். கடைசியா தே தாரிக் (மலேசியாவுல உயரத்துல இருந்து ஊத்தி ஆத்துற டீ) மாதிரி ரெண்டு தடவை ஆத்துங்க, நுரையும் வரும்.

எப்படிச் செஞ்சாலும் அடியில் லேசா வண்டல் இருக்கும், ஏன்னா கொக்கோ பால்ல முழுசாக் கரையாது. அதுவும் பிடிக்கலேன்னா, அரைத் தேக்கரண்டி சோளமாவைப் பச்சைப் பால்ல கரைச்சு, பாலோட சேர்த்து ஒரு கொதி விடுங்க.