கண்ணாடியில் மோதி விழுந்தது ஆறுமணிக்குருவி

மஞ்சக்குப்பம் வீட்டு ஜன்னலில் காலையில் மோதி விழுந்த பறவை மீன்கொத்தியா, யாரோ வளர்த்துத் தப்பியதா என்று கேட்டிருந்தீர்கள். பச்சை முதுகு, கண்ணோரம் கறுப்புப் பட்டை, அடிவயிற்றுக் கடைசியில் குங்குமச் சிவப்பு, வால் இருக்கிறதா என்று தேடும் அளவுக்குக் குட்டை. சந்தேகமே இல்லை, ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரம், மத்திய இந்தியாப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு ஐப்பசி வாக்கில் தெற்கே வரும். சில இலங்கை வரை போகும். இரவில் பயணம், அதனால் விடியும்போது களைத்துக் கிடப்பது உண்டு.

வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அரிசியும் வேண்டாம், அது புழுபூச்சி தின்னி. துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். திறந்து திறந்து படமெடுக்க ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்! தெளிந்து துள்ளினால் பொழுது சாயுமுன் பூனை வராத புதரடியில் விட்டுவிடுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், நீங்களே கட்டுப்போட வேண்டாம்.

பையன் வளர்க்கக் கேட்கிறான் என்றீர்களே, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மாமரத்தடிச் சருகைக் கூட்டாமல் விடச் சொல்லுங்கள். இதுவோ வேறொன்றோ பனிக்காலம் முழுக்க அங்கே கிளறித் தின்ன வரலாம்.