மாமா தந்த செப்பு வில்லை

கேள்வி: கனடாவிலிருந்து வந்த மாமா ஒரு செப்பு வில்லை தந்தார். ஒரு பக்கம் 1863, மறுபக்கம் ஏதோ மளிகைக் கடையின் பெயர். அமெரிக்கச் சதமா? புளி போட்டுத் துலக்கலாமா?
– வாசகி, மாங்குளம்

பதில்: புளியை மீன்குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், தங்கச்சி! துலக்கினால் சேகரிப்பவர்கள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். இது அரசு நாணயமன்று, கடைக்காரர் வில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சனங்கள் சில்லறையைப் பதுக்க, வடமாநில வணிகர்கள் தாங்களே அடிப்பித்துப் புழங்கவிட்டார்கள். போர்க்காலத் தட்டுப்பாட்டை வன்னியில் விளக்கத் தேவையில்லை. சில வில்லைகளில் ‘ஒரு சதம்’ என்பது பெரிதாகவும், அதன் மேலே ‘அல்ல’ என்பது பொடியெழுத்திலும் இருக்கும். கெட்டிக்காரக் கள்ளர்கள்! 1864இல் சட்டம் தடுத்தது. கடையின் ஊர்ப் பெயரையும் பார்த்து எழுதுங்கள். விலை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.