ஏறிப் பார்ப்பதற்கு முன் நிறுத்திப் பாருங்கள்

இந்த நுகர்வோர் கேள்வி-பதிலில் இந்த முறை குதிரைக் கடிதங்கள் மட்டும். போன மாதம் ஒரே ஒரு குதிரைக் கேள்விக்குப் பதில் போட்டேன், அதிலிருந்து மிக்சி, வாஷிங் மெஷின் கடிதங்களைவிட இவைதான் அதிகம் வருகின்றன. பந்தய வண்டிக்கு, கல்யாண ஊர்வலத்துக்கு, தோப்பு வீட்டில் கட்டி வைக்க, பிள்ளைகள் ஆசைக்கு என்று மதுரையைச் சுற்றி இவ்வளவு பேர் குதிரை வாங்குகிறீர்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

"நான்கு வயது ஆண் குதிரை. 'நன்றாகப் பழக்கியது' என்று சொல்லி 1,10,000 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஏறினால் ஒழுங்காகப் போகிறது. கீழே நின்றால் ஆளை முட்டித் தள்ளுகிறது, சட்டைப் பையைக் கடிக்கிறது, கயிற்றைப் பிடித்தால் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. போன வாரம் மகன் பாதத்தை மிதித்துவிட்டது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?" (மேலூர்)

முதலில் மகன் பாதத்தை எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். முந்நூறு, நானூறு கிலோ உடம்பின் பாரம் ஒரு குளம்பில் இறங்கியிருக்கிறது. வீக்கம் வடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போது குதிரைக்கு வருவோம். 'பழக்கியது' என்ற சொல்மேல் எனக்குப் பல வருடக் கோபம். முதுகில் ஆள் உட்கார்ந்தால் கீழே தள்ளாது என்றால் பழக்கியது என்கிறார்கள். மேளத்துக்கு முன்னங்காலைத் தூக்கித் தூக்கி ஆடினால் பழக்கியது என்கிறார்கள். அடி வாங்கி வாங்கிக் கண்ணில் உயிரே இல்லாமல் நிற்பதையும் பழக்கியது என்றுதான் விற்கிறார்கள். உண்மையான பழக்கம் எல்லாம் ஆள் தரையில் கயிற்றைப் பிடித்து நிற்கும்போதே முடிந்திருக்க வேண்டும். நிறுத்தினால் நிற்க வேண்டும், நெஞ்சில் விரல் வைத்தால் பின்னால் போக வேண்டும், பின்தொடையைத் தொட்டால் விலக வேண்டும், நான்கு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்கப் பொறுமையான ஆளுக்கே மாதக்கணக்கில் ஆகும். அதற்கு யாரும் காசு தருவதில்லை, ஆட்டத்துக்குத் தருகிறோம். அப்புறம் வியாபாரி எதைச் சொல்லிக்கொடுப்பார்? சந்தைக்குப் போகும் பத்துப் பேரில் ஒன்பது பேர் 'ஓட்டிக் காட்டுங்க' என்கிறார்கள். 'பத்து நிமிஷம் சும்மா நிற்க வைங்க' என்று கேட்டவரை நான் பார்த்ததே இல்லை.

உங்கள் குதிரை கெட்டது இல்லை. அது முட்டும்போது நீங்கள் ஒரு அடி பின்னால் போகிறீர்களா? அப்படியானால் முட்டினால் ஆள் விலகுவான் என்று தினமும் நீங்களே அதற்குப் பாடம் எடுக்கிறீர்கள். கையிலிருந்து வெல்லமும் கேரட்டும் ஊட்டுகிறீர்களா? அதனால்தான் பையைக் கடிக்கிறது, தின்னக் கொடுப்பதைத் தொட்டியில் போடுங்கள். கயிற்றுக்கு வருவோம். லேசாக இழுக்கிறீர்கள், குதிரை ஒரு அடி எடுத்து வைக்கிறது. அந்த நொடியில் கயிறு தளர வேண்டும். குதிரைக்குப் பாடம் இழுப்பதில் இல்லை, விடுவதில்தான் இருக்கிறது. நம் ஆட்கள் ஒரு அடி வந்ததும் 'வருது, வருது' என்று இன்னும் இறுக்குகிறார்கள். வந்தாலும் இழுப்பு, வராவிட்டாலும் இழுப்பு என்றால் அது எதற்கு வர வேண்டும்?

நாளைக் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் ஆரம்பியுங்கள். பன்னிரண்டு அடிக் கயிறு போதும். நேர் எதிரேயும் நிற்காதீர்கள், நேர் பின்னாலும் நிற்காதீர்கள், நெற்றிக்கு முன்னும் வாலுக்குப் பின்னும் அதற்குக் கண் தெரியாது. தோள் பக்கமாக, கைக்கு எட்டும் தூரத்தில் நில்லுங்கள். உங்கள்மேல் ஏறி வந்தால் கயிற்றை ஆட்டி, நெஞ்சில் விரலை வைத்து, ஒரே ஒரு அடி பின்னால் போகும்வரை விடாதீர்கள். போனதும் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். ஒரு காது உங்கள் பக்கம் திரும்பும், தலை தாழும், எதையோ தின்பதுபோல வாயை மெல்லும். அப்போது நீங்களும் பேசாமல் நில்லுங்கள். நாளுக்கு இருபது நிமிடம் போதும். காயடிக்காத குதிரை என்றால் விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும், மகன் தனியாகக் கிட்டே போக வேண்டாம்.

திருப்பிக் கொடுப்பதைப் பிறகு யோசிக்கலாம். 'பழக்கியது' என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதை மட்டும் அழிக்காதீர்கள்.

"சந்தையில் பசு மாதிரி நின்றது. குழந்தையைக்கூட ஏற்றிக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, சுவரில் மோதி முட்டியெல்லாம் ரத்தம். போன் செய்தால் 'கயிறு மாறியாச்சு, இனி உங்க பாடு' என்கிறார்." (உசிலம்பட்டி)

உங்கள் வலி எனக்குத் தெரியும், இதே ஏமாற்றத்தில் நானும் காசைத் தொலைத்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு சந்தையில் வெள்ளைப் பெண் குதிரை ஒன்றைப் பார்த்தேன். உச்சி வெயில், அதன் கண்ணோரத்தில் ஈக்கள் மொய்க்கின்றன, இமைகூட அசையவில்லை. கீழ் உதடு தொங்கி, எச்சில் ஒரு நூலாக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. 'என்ன சாது!' என்று 70,000 எண்ணிக் கொடுத்தேன். அது சாது இல்லை, மயக்க ஊசி. மறுநாள் மருந்து இறங்கியதும் அது நடுங்கிய நடுக்கம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தக் குதிரையை யாரோ வாட்டி எடுத்திருக்கிறார்கள், அதை மறைக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

அமைதியான குதிரைக்குக் காது வேலை செய்யும். யாராவது வாளியை வைத்தால் திரும்பிப் பார்க்கும், ஈயை விரட்டத் தோலைச் சிலிர்க்கும். மருந்து கொடுத்த குதிரை தலையைத் தொங்கப்போட்டு, நடந்தால் கால் இடறும், ஆண் குதிரையில் குறி உள்ளே போகாமல் தொங்கும். சந்தேகம் வந்தால் அன்றே கால்நடை மருத்துவரை வைத்து ரத்தம் எடுத்துவிட வேண்டும், நாளானால் தடயம் போய்விடும்.

தலைக்கயிறு வாங்குபவர் கைக்கு மாறியதும் விற்றவர் பொறுப்பு முடிந்தது என்ற இந்தக் கயிறு மாறிய கதை மதுரைக்காரர்களுக்குப் புதிது இல்லை. நரியைப் பரியாக்கிய லீலையில் அரண்மனைக்குக் குதிரையை ஒப்படைத்ததும் கயிறு மாறித்தான், ராத்திரி பரியெல்லாம் நரியானது. ஆவணி மூலத் திருவிழாவில் வருடா வருடம் பார்க்கிறோம். ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கயிறு மாறியதும் பொறுப்பு முடிவதில்லை. அசையும் சொத்து எல்லாமே அதில் பொருள்தான், குதிரையும் சேர்த்து. விற்றவர் அதையே தொழிலாகச் செய்பவர் என்றால், அவர் எந்த மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம்வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசுங்கள். முட்டிக் காயத்தைப் போட்டோ எடுத்து, மருத்துவர் சான்றிதழும் வாங்குங்கள். சொந்தக் குதிரையை ஒரே ஒரு தடவை விற்றவர் என்றால் இந்தச் சட்டம் கை கொடுக்காது, போலீஸும் சிவில் கோர்ட்டும்தான்.

"தரையில் வைத்துப் பழக்க 18,000 ரூபாய்க்கு ஒரு முழு செட் விற்கிறார்கள். வாங்கலாமா?" (அலங்காநல்லூர்)

வேண்டாம். முகத்துக்கு அளவான தலைக்கயிறு ஒன்று, பன்னிரண்டு அடியில் கனமான பருத்திக் கயிறு ஒன்று, வட்டம் சுற்றவிட எட்டு மீட்டர் கயிறு ஒன்று, முனையில் துணி கட்டிய நீளக் குச்சி ஒன்று. குச்சி அடிக்க இல்லை, கை நீளாத இடத்தைத் தொட. நைலான் கயிறு மட்டும் வேண்டவே வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் வாங்கிய நைலான் கயிறு, குதிரை ஒரு தடவை வெடுக்கென்று இழுத்ததில் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது, அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. கையுறை போடுங்கள், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

"இரண்டு மாதம் பழக்கித் தருவதாக 30,000 வாங்கினார். திரும்பி வந்தபோது வாயோரம் இரண்டு பக்கமும் கிழிந்திருந்தது. கையைத் தூக்கினாலே தலையை மேலே வீசுகிறது. பில் கேட்டால் தர மறுக்கிறார்." (திருமங்கலம்)

படித்ததும் வயிறு எரிந்தது. முள் கடிவாளம் போட்டிருப்பார். முள்ளோ கூரான முனையோ உள்ள கடிவாளம் 1965-ஆம் வருட இழுவை, பொதி விலங்குகள் வதைத்தடுப்பு விதிகளிலேயே தடை செய்யப்பட்டது, இன்றும் கடைகளில் கம்பீரமாகத் தொங்குகிறது. அவர் செய்தது சேவைக் குறைபாடு. பில் தராததே இப்போதைய சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. வாய்க் காயத்தின் போட்டோ, மருத்துவர் சான்று, பணம் அனுப்பிய பதிவு மூன்றையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள், பதினைந்து நாள் பாருங்கள், அப்புறம் ஆணையம். விலங்கு வதைக்குப் போலீஸிலும் தனியாகப் புகார் கொடுங்கள்.

குதிரைக்கு: வாய் ஆறும்வரை கடிவாளமே வேண்டாம். தலைக்கயிறு மட்டும் போட்டு நடக்கவிடுங்கள். கையை மெதுவாகத் தூக்குங்கள், அது தலையை வீசாமல் ஒரு நொடி பொறுத்தால் உடனே கையை இறக்குங்கள். ஒரு வாரத்தில் நடக்காது. கை என்றால் வலி என்று ஒருவர் இரண்டு மாதம் சொல்லிக்கொடுத்திருக்கிறார், அதை மறக்க அவகாசம் கொடுங்கள்.

"ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்து வாங்கினோம், வடக்கேயிருந்து வந்த குதிரை. நொண்டுகிறது, மூக்கிலும் ஒழுகுகிறது. இது எங்களுக்கு மூன்றாவது குதிரை, எதையும் மருத்துவரிடம் காட்டி வாங்கவில்லை. ஏன் எங்களுக்கு மட்டும் இப்படி?" (ஊர் போடவில்லை)

மூன்று குதிரை வாங்கியும் ஒரு தடவைகூட மருத்துவரைக் கூட்டிப்போகவில்லை, அதனால்தான். வீட்டுக்கு வாங்கும் கத்தரிக்காயைப் பகலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள், உயிருள்ள ஒன்றை டார்ச் வெளிச்சத்தில் வாங்குகிறீர்கள். வலியில் இருக்கும் குதிரையை யாரும் பழக்க முடியாது, அது திமிறுவதைத் திமிர் என்று நினைத்து அடிப்பீர்கள். மூக்கொழுகலைச் சும்மா விடாதீர்கள். கிளாண்டர்ஸ் என்ற நோய் மனிதருக்கும் தொற்றும். மற்ற இரண்டு குதிரைகளிலிருந்து தள்ளிக் கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியும் தனி. வெறுங்கையால் தொடாமல் இன்றே அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனை செய்வார்கள்.

"பத்து வயது மகளுக்கு ஒன்றரை வயதுக் குட்டி வாங்கினால் இருவரும் சேர்ந்து வளர்வார்கள் அல்லவா?" (வாடிப்பட்டி)

இல்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட, நிற்கத் தெரிந்த குதிரையாகப் பாருங்கள். குட்டியின் முதுகெலும்பு முழுதாகக் கூட ஐந்தரை வயதாகும், அதன்மேல் இப்போது யாரும் ஏறக் கூடாது. தரைப் பழக்கம் கொடுக்கத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் மட்டும் குட்டி.

"ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போகிறோம். மார்வாரி வாங்கலாமா, கத்தியவாரி வாங்கலாமா? வாங்கும் முன்னே ஓட்டிப் பார்ப்பது எப்படி?" (ஒத்தக்கடை)

ராஜஸ்தானிலிருந்து வந்தது மார்வாரி, சௌராஷ்டிரத்திலிருந்து வந்தது கத்தியவாரி, இரண்டுக்கும் காது நுனி உள்நோக்கி வளைந்திருக்கும். காது தொட்டுக்கொள்கிறதா என்று பார்த்து விலை கூட்டுவார்கள், குணம் அதில் தெரியாது. ஓட்டுவது கடைசி. விடியற்காலையில், சேணம் ஏற்றுவதற்கு முன் போங்கள். தலைக்கயிற்றை உங்கள் முன்னால் மாட்டச் சொல்லுங்கள், இரண்டு பேர் சேர்ந்து காதைத் திருகினால்தான் மாட்ட முடிகிறது என்றால் டீ குடித்துவிட்டு அடுத்த குதிரைக்குப் போய்விடலாம். கயிறு தளர்வாக இருக்க நடத்துங்கள், சட்டென்று நில்லுங்கள், உங்களைத் தாண்டி எத்தனை அடி போகிறது என்று எண்ணுங்கள். காலைத் தூக்கச் சொல்லுங்கள். பல்லைப் பாருங்கள், ஐந்து வயதில் முன்பற்கள் முழுதும் நிலைப்பற்களாகியிருக்கும். அப்புறம் அதன் பக்கத்திலேயே நின்று விலை பேசுங்கள், அந்தப் பத்து நிமிடம் அது எப்படி நிற்கிறது என்று ஒரு கண் வைத்துக்கொண்டு. மறுநாளும் போங்கள், வேறு நேரத்தில்.

"வீடியோ பார்த்து 25,000 அட்வான்ஸ் அனுப்பினேன். நம்பர் அணைந்துவிட்டது." (கூடல் நகர்)

இதைப் படித்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிவிடும். ஏமாந்தோமே என்று வெட்கப்பட்டு இருந்துவிடாதீர்கள், வெட்கப்பட வேண்டியவர் அந்தப் பக்கம் இருக்கிறார்.

"குதிரை உடம்பில் முடி சுழித்திருக்கும் இடத்தைக் காட்டி, நல்ல சுழி என்று 20,000 கூடக் கேட்கிறார். தரலாமா?" (சோழவந்தான்)

தராதீர்கள். அந்தப் பணத்தை லாடக்காரருக்கு எடுத்து வையுங்கள், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை அவர் வர வேண்டும்.